கருவியின் ஆயுளும் ஆவணத்தின் திறப்பும்: பழங்கணினி, வீட்டுப் பிணையக் கருவிகளைச் சீர்செய்யும் பொழுதுபோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பயன்பாட்டிலிருந்து நீங்கிய கணினிகளையும் வீட்டுப் பிணையக் கருவிகளையும் திறந்து, பழுது நீக்கி, மீண்டும் இயங்கச் செய்வது பலர் மேற்கொள்ளும் பொழுதுபோக்காகும். இதனைப் பழம்பொருள் மீதான பற்று என்ற அளவில் நிறுத்திவிடுவது வழக்கம். ஒரு கருவியின் ஆயுளை அதன் உலோகமும் சில்லும் மட்டும் முடிவு செய்வதில்லை; அதன் உள்ளமைப்பைக் கூறும் ஆவணம் பிறர் கைக்குக் கிடைக்கிறதா என்பதும் முடிவு செய்கிறது. ஐ.பி.எம். தனிக்கணினி, லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி திசைவி ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது. பழைய நெகிழ்வட்டுகளில் தங்கியுள்ள தமிழ்க் கோப்புகளுக்கும் இப்பயிற்சிக்கும் உள்ள தொடர்பும் இறுதியில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பழங்கணினி, திசைவி, நிலைபொருள், மூலநிரல், நெகிழ்வட்டு, எழுத்துருக் குறியேற்றம்.

முன்னுரை

ஒரு கணினி எப்போது பழையதாகிறது என்னும் வினாவிற்கு இருவகை விடைகள் உண்டு. உற்பத்தியாளர் அதற்கான ஆதரவை நிறுத்தும் நாளில் அது பழையதாகிறது என்பது வணிகத்தின் விடை. அதனைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத நாளில்தான் அது பழையதாகிறது என்பது பொழுதுபோக்காளரின் விடை. இவ்விரு நாள்களுக்கும் இடையில் பல ஆண்டுகள் கிடக்கின்றன. இங்குக் கூறப்படும் பயிற்சி அந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது.

வானொலிப் பெட்டியைப் பிரித்துக் கூட்டுவதும் மோட்டார் வண்டியைத் தாமே சீர்செய்வதும் முன்னரே அறியப்பட்ட பொழுதுபோக்குகள். கணினியில் ஒரு வேறுபாடு உண்டு. வண்டியின் பழுதைப் பெரும்பாலும் கண்ணால் காணலாம், காதால் கேட்கலாம். கணினியும் திசைவியும் தம்முள் ஓர் எழுத்துப் பிரதியைச் சுமந்துள்ளன. நிரல் என்னும் அப்பிரதி படிக்கக் கிடைக்காவிட்டால், கருவி முழுமையாக இருந்தும் பயனற்றதாகிவிடுகிறது. ஏட்டுச்சுவடி முழுதாகக் கிடைத்தும் அதன் எழுத்தைப் படிக்க இயலாத நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

அச்சிட்ட கையேட்டின் விளைவு

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்ட் 12 அன்று தன் தனிக்கணினியை அறிவித்தது. இன்டெல் 8088 செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதில் இயங்கியது. அக்கணினிக்கெனத் தனியே விற்கப்பட்ட தொழில்நுட்பக் கையேட்டில் தாய்ப்பலகையின் மின்சுற்று வரைபடங்கள் முழுமையாக இருந்தன. கணினி உயிர்பெறும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலின் மூலவரிகளும் அச்சிடப்பட்டிருந்தன. படிப்பதற்குத் தடையில்லை, படியெடுப்பதற்குப் பதிப்புரிமைத் தடை இருந்தது.

இந்நுட்பமான வேறுபாடே பின்னர் நிகழ்ந்தவற்றிற்குக் காரணம். காம்பேக் நிறுவனம் ஐ.பி.எம். நிரலைப் படியெடுக்காமல், அதன் செயல்களை மட்டும் விவரிக்கும் குறிப்பிலிருந்து வேறு பொறியாளர்களைக் கொண்டு புதிய நிரலை எழுதச் செய்தது. படிப்பவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர் என்னும் இம்முறையில் உருவான ஒத்தியங்கு கணினி 1982ஆம் ஆண்டின் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அன்றைய வணிகப் போட்டிக்கு உதவிய அதே கையேடு இன்றைய பொழுதுபோக்காளரின் மேசையிலும் கிடக்கிறது. எந்தக் கம்பி எங்குச் செல்கிறது என்பது அதில் வரையப்பட்டிருப்பதால், நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அறுந்த இணைப்பை மீட்க முடிகிறது.

அவ்வரிசையில் 1983இல் வந்த எக்ஸ்.டி. கணினியின் வன்தட்டு 10 மெகாபைட் கொள்ளளவு உடையது. அத்தகைய தட்டுகள் பல இன்று சுழல்வதில்லை. அவற்றிற்கு மாற்றாக எக்ஸ்.டி.-ஐ.டி.இ. என்னும் விரிவாக்க அட்டையை ஆர்வலர்களே வடிவமைத்து, வரைபடத்தையும் நிரலையும் பொதுவில் வைத்தனர். புகைப்படக் கருவிகளில் பயன்படும் சிறிய நினைவட்டையை அதன் வழியாக வன்தட்டுபோல் பயன்படுத்தலாம். பழைய ஆவணத்திலிருந்து புதிய ஆவணம் ஒன்று பிறந்ததற்கு இது நல்ல சான்று.

கமடோர் 64 கணினியின் நிலை சற்று வேறு. 1982இல் வெளிவந்த அதன் நிரலாளர் கையேட்டில் மின்சுற்று வரைபடம் உண்டு. ஆனால் ஒலி, படம், நினைவக ஒழுங்கு ஆகியவற்றை நடத்தும் சில்லுகள் அந்நிறுவனத்திற்கே உரியவை. அவற்றின் உட்புறம் வெளியிடப்படவில்லை. எளிதில் பழுதாகும் பி.எல்.ஏ. என்னும் சில்லுக்குப் பதினாறு உள்ளீடுகளும் எட்டு வெளியீடுகளும் உள்ளன. பதினாறு உள்ளீடுகள் 65,536 நிலைகளை ஏற்கும். நல்ல நிலையிலுள்ள ஒரு சில்லுக்கு அத்தனை நிலைகளையும் ஒவ்வொன்றாக அளித்து, விடைகளைப் பதிவு செய்து, அப்பதிவை 64 கிலோபைட் நினைவகச் சில்லில் எழுதி மாற்றாகப் பொருத்தும் வழி கண்டறியப்பட்டது. ஆவணம் இல்லாத இடத்தில் கருவியையே வினவி ஆவணம் உண்டாக்கும் முறை இது. ஒரு நல்ல சில்லேனும் எஞ்சியிருக்கும் காலத்தில்தான் இது இயலும் என்பதை மறத்தலாகாது.

பழுதின் இயல்பு

பழங்கணினிகள் பெரும்பாலும் பயன்பாட்டால் கெடுவதில்லை. பெட்டியில் சும்மா இருக்கும்போதே கெடுகின்றன. 286, 386, 486 வகைத் தாய்ப்பலகைகள் பலவற்றில் நேரத்தையும் அமைப்பு விவரங்களையும் காக்க 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஆண்டுகள் செல்ல அதிலிருந்து காரநீர் கசிந்து, பலகையின் செப்புத் தடங்களை அரிக்கிறது. பச்சைப் பூச்சாகத் தெரியும் அவ்வரிப்பை நீர்த்த வினிகரால் முறித்து, நீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது வழக்கமான முதற்பணி. பிறகு அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைக்க வேண்டும். வரைபடம் உள்ள பலகையில் இது ஒரு மாலைநேர வேலை. பெயரறியாத உற்பத்தியாளரின் பலகையாயின், பன்னளவியின் இரு முனைகளைக் கொண்டு ஒவ்வொரு தடத்தையும் தடவித் தேடுவது வாரக்கணக்கில் நீளும்.

டல்லாஸ் நிறுவனத்தின் டி.எஸ்.1287 என்னும் கடிகாரச் சில்லு இன்னும் விந்தையானது. மின்கலமே சில்லின் உறைக்குள் பிசினால் அடைக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு நினைவுகாக்கும் திறன் அதற்கு உண்டு. கலம் தீர்ந்தால் முழுச் சில்லையும் மாற்றுவதே தயாரிப்பாளர் எண்ணியிருந்த வழி. பொழுதுபோக்காளர்கள் உறையின் பக்கத்தை அரத்தால் அராவி, உள்ளிருக்கும் முனைகளை வெளிக்கொணர்ந்து, கடையில் கிடைக்கும் 3 வோல்ட் வட்டக் கலத்தை இணைத்துவிடுகின்றனர். ஒரு பொருளைத் திறக்கக்கூடாதென வடிவமைத்தவரின் கணக்கை ஓர் அரம் மாற்றிவிடுகிறது.

மின்தேக்கிகள் பற்றித் தனியே நூல் எழுதலாம். மின்பகுளி உலர்வது, கசிவது, டான்டலம் வகை குறுக்கிணைப்பாகி எரிவது, ரிஃபா நிறுவனக் காகித மின்தேக்கிகளின் உறை வெடித்து ஈரம் ஏறிப் புகைவது எனப் பல உண்டு. நீண்ட காலம் இயக்கப்படாத கணினியை நேரடியாக மின்னிணைப்பில் செருகாமை இப்பயிற்சியின் முதல் ஒழுக்கம். 230 வோல்ட் மின்னோட்டத்தை நேராக்கினால் மின்வழங்கியின் உள்ளே ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும்.

நீலப் பெட்டியும் அதன் மூலநிரலும்

வீட்டுப் பிணையக் கருவிகளுள் பொழுதுபோக்காளர் வரலாற்றில் தனியிடம் பெற்றது லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி திசைவி. ரவுட்டர் என்று மக்கள் வழங்கும் இக்கருவி வீட்டிலுள்ள கணினிகளை ஒன்றோடொன்றும் இணையத்தோடும் இணைக்கிறது. நீலமும் கறுப்புமான அப்பெட்டி 2002 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. தொடக்கப் பதிப்புகளில் 4 மெகாபைட் பிளாஷ் நினைவகமும் 16 மெகாபைட் செயல் நினைவகமும் இருந்தன. இரண்டு ஆண்டெனாக்களும் நான்கு கம்பி இணைப்புத் துளைகளும் கொண்ட மலிவான வீட்டுச் சாதனம் என்பதற்கு மேல் அதில் சிறப்பேதும் வெளியில் தெரியவில்லை.

2003இல் அதன் நிலைபொருளை ஆராய்ந்தவர்கள் உள்ளே இயங்குவது லினக்ஸ் என்று கண்டனர். லினக்ஸ் கருவகம் பொதுப் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. அந்நிரலை இயங்குவடிவில் விற்பவர், அதன் மூலநிரலைப் பெறும் வாய்ப்பையும் வாங்குபவருக்கு அளிக்க வேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நிபந்தனை. பெட்டியோடு மூலநிரல் தரப்படவில்லை. ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர் இதனை லினக்ஸ் உருவாக்குநர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். லிங்க்சிஸை அவ்வாண்டில் சிஸ்கோ நிறுவனம் வாங்கியிருந்தது. அழுத்தம் வலுத்தபின் மூலநிரல் வெளியிடப்பட்டது.

அம்மூலநிரலைத் தளமாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் தொடங்கியது. திட்டத்தின் பெயரிலேயே அத்திசைவியின் பெயர்ச்சுருக்கம் நிற்கிறது. வீட்டுக்குள் தரவுப் போக்குவரத்தை முன்னுரிமைப்படுத்துதல், மறைகுறியிட்ட தனிவழி அமைத்தல், ஒரே பெட்டியின் நான்கு துளைகளையும் தனித்தனி உட்பிணையங்களாகப் பிரித்தல் எனப் பெருநிறுவனக் கருவிகளுக்கே உரியனவாயிருந்த செயல்கள் வீட்டுப் பெட்டிக்குள் வந்தன. பெர்லினில் ஃபிரைஃபுங்க் என்னும் தன்னார்வ இயக்கத்தினர் இதே பெட்டிகளைக் கூரைகளில் நிறுத்தி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தரவைக் கடத்தும் சமுதாயப் பிணையம் அமைத்தனர்.

நிலைபொருளை மாற்றும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ தவறான கோப்பு ஏறினாலோ பெட்டி இயங்காது நின்றுவிடும். அதனைப் பொழுதுபோக்காளர்கள் செங்கல் ஆகிவிட்டது என்பர். இதற்கு மாற்று, பெட்டி உயிர்பெறும் முதற்சில நொடிகளில் தொடக்க ஏற்றி புதிய கோப்பு ஒன்று வருகிறதா எனக் காத்திருக்கும்படி செய்துவைப்பது. அக்காத்திருப்பை இயக்கும் தேர்வு லிங்க்சிஸின் அமைப்புப் பக்கங்களில் இல்லை. ஆனால் இணைப்பைச் சோதிக்கும் பக்கத்தில் ஒரு பாதுகாப்புக் குறை இருந்தது. முகவரி எழுதும் கட்டத்தில் கட்டளை எழுதினால் பெட்டி அதனையும் நிறைவேற்றிவிடும். அவ்வோட்டை வழியே நுழைந்துதான் தொடக்கக் காலத்தவர் அத்தேர்வை இயக்கினர். உரிமையாளர் தம் வீட்டுக் கருவிக்குள் செல்லத் திருடன் செல்லும் வழியைப் பயன்படுத்த நேர்ந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

மூலநிரல் வெளிவந்தது என்றாலும் முழுவதும் வெளிவரவில்லை. பிராட்காம் நிறுவனத்தின் கம்பியில்லாத் தொடர்புச் சில்லை இயக்கும் பகுதி, படிக்கவியலாத இயங்குவடிவில் மட்டுமே கிடைத்தது. அப்பகுதி லினக்ஸ் 2.4 கருவகத்தோடு பிணைந்திருந்தமையால், பிற பகுதிகள் அனைத்தும் புதிய கருவகத்திற்கு நகர்ந்த பின்னும் இப்பெட்டிகள் பல ஆண்டுகள் பழைய கருவகத்திலேயே தங்க நேர்ந்தது. ஒரு சிறு மூடிய பகுதி திறந்த பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்தியது. இதற்குத் தீர்வாக அச்சில்லின் நடத்தையை ஒரு குழு ஆராய்ந்து குறிப்பெழுத, அக்குறிப்பிலிருந்து மற்றொரு குழு புதிய இயக்கியை எழுதியது. 2006இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்ந்து, பின்னர் பி43 எனப் பெயர்பெற்ற இயக்கி இவ்வாறு உருவானதே. காம்பேக் பொறியாளர் இருபது ஆண்டுகளுக்கு முன் கையாண்ட அதே பிரிவினை முறை, இம்முறை ஊதியமின்றிக் கையாளப்பட்டது.

2005இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் நிறுவனம் லினக்ஸை விட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் வேறு இயங்குதளத்திற்கு மாறியது. பிளாஷ் நினைவகம் 2 மெகாபைட்டாகவும் செயல் நினைவகம் 8 மெகாபைட்டாகவும் பாதியாயின. செலவுக் குறைப்பே இதற்கு வெளிப்படையான காரணம். ஆயினும் பழைய வடிவத்திற்குத் தேவை ஓயவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அதே பழைய அமைப்பு டபிள்யூ.ஆர்.டி.54ஜிஎல் என்னும் பெயரில் மீண்டும் விற்பனைக்கு வந்து பத்தாண்டுக்கும் மேலாக விலைபோனது. பொழுதுபோக்காளரை வாங்குவோராக ஒரு நிறுவனம் கணக்கில் கொண்ட அரிய நிகழ்வு இது.

உரிமம் என்பது வெறும் வேண்டுகோள் அன்று, சட்டக் கட்டுப்பாடு என்பதனை நீதிமன்றமும் உறுதி செய்தது. 2004இல் முனிச் மாவட்ட நீதிமன்றம், சைட்காம் நிறுவனத் திசைவி தொடர்பாக ஹரால்ட் வெல்ட் தொடுத்த வழக்கில் பொதுப் பொது உரிமத்தைச் செல்லத்தக்கதாக ஏற்றது. 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை லிங்க்சிஸ் பொருள்களுக்காகச் சிஸ்கோமீது வழக்குத் தொடர்ந்தது. 2009 மே மாதத்தில் அது உடன்பாட்டில் முடிந்தது. எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்வு உண்டு. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் வானலைக் கட்டுப்பாட்டு விதிகளைக் காரணங்காட்டி டி.பி.-லிங்க் நிறுவனம் பிறர் நிலைபொருளைத் தன் கருவிகளில் தடுத்தது. 2016இல் வேறொரு விதிமீறலுக்காக ஏற்பட்ட உடன்பாட்டில் அந்நிறுவனம் 2,00,000 டாலர் செலுத்த ஒப்பியதோடு, அத்தடையை நீக்கும் வழிகளை ஆராயவும் இசைந்தது. வானலை ஒழுங்கும் உரிமையாளர் உரிமையும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியதில்லை என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டதாக இதனைக் கொள்ளலாம்.

கைவிடப்பட்ட பெட்டியின் ஆபத்து

திறந்த நிரல் இருந்தால் கருவி என்றும் வாழும் என்று கூறுவது மிகை. ஓப்பன்டபிள்யூஆர்டியின் அண்மைய வெளியீடுகளுக்குக் குறைந்தது 8 மெகாபைட் பிளாஷ் நினைவகமும் 64 மெகாபைட் செயல் நினைவகமும் தேவை. அத்திட்டத்திற்குப் பெயர் கொடுத்த பெட்டியே இன்று அதனை இயக்க வல்லதன்று. ஒரு காலத்தில் விரிந்த இடமாயிருந்த 16 மெகாபைட் இன்றைய கருவகத்திற்குப் போதாது.

பாதுகாப்பு மற்றொரு தடை. 2018 மே மாதத்தில் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல் உலகெங்கும் 5,00,000க்கும் மேற்பட்ட வீட்டு, சிறு அலுவலகத் திசைவிகளிலும் சேமிப்புக் கருவிகளிலும் குடிகொண்டிருந்தது. அறியப்பட்ட குறைகள் திருத்தப்படாத கருவிகளே இத்தகையவற்றுக்கு எளிய இரை. பழைய திசைவியை இணையத்தின் வாயிலில் நிறுத்துவது பொழுதுபோக்கு ஆகாது. அண்டை வீட்டாருக்கும் கேடு. அதனை உட்புறத்தில், பிற கருவிகளிலிருந்து பிரித்துவைத்த தனிப்பிணையத்தில் பயன்படுத்துவதே பொருத்தம். பத்தாண்டு கடந்தும் உற்பத்தியாளர் திருத்தம் தராத பெட்டிக்கு ஆர்வலர்கள் திருத்தம் எழுதும் நிலையும் இதே காரணத்தால்தான் பொதுநலன் ஆகிறது.

பழையதும் புதியதும் ஒரே கம்பியில்

பழங்கணினியும் பிணையக் கருவியும் சந்திக்கும் இடம் கோப்புகளை வெளியே எடுக்கும் பணி. 8088 செயலிக் கணினியையும் வீட்டுப் பிணையத்தில் சேர்க்கலாம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். என்.இ.2000 வகைப் பிணைய அட்டை, அதற்குரிய இயக்கி, மைக்கேல் புருட்மன் எழுதிய எம்டிசிபி என்னும் மென்பொருள் தொகுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் டாஸ் இயங்குதளக் கணினி கோப்புகளை அனுப்பவும் பெறவும் இயலும். வேகம் நொடிக்கு 10 மெகாபிட். வீட்டு இணைப்பிகள் பல அவ்வேகத்திற்குத் தாமே இறங்கி வருகின்றன. பன்மடங்கு கிகாபிட் வேகமுடைய புதிய துளைகள் சில இறங்குவதில்லை. அப்போது நூறு ரூபாய்க்கும் போகாத பழைய இணைப்பி ஒன்று இடையில் நின்று மொழிபெயர்ப்பாளர் ஆகிறது.

அட்டை இல்லாவிடில் சீரியல் துளைகளைக் குறுக்குக் கம்பியால் இணைக்கலாம். 1.44 மெகாபைட் எனப்படும் நெகிழ்வட்டில் 80 தடங்கள், இரு பக்கங்கள், தடத்திற்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட்டுகள் என 14,74,560 பைட்டுகள் உள்ளன. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், பைட்டுக்குப் பத்துப் பிட் என்று கொண்டால், ஒரு வட்டின் உள்ளடக்கம் கடந்து செல்ல ஏறத்தாழ 26 நிமிடங்கள் ஆகும். பொறுமையுடையோர்க்கு இதுவும் வழிதான்.

விண்டோஸ் 98 கணினியில் சிக்கல் வேறுவகை. அது கோப்பு பகிரப் பயன்படுத்தும் பழைய எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பு, 2017இல் வான்னகிரை தீநிரல் பரவக் காரணமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 வெளியீட்டிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழங்கணினிக்காகப் புதிய கணினியின் காவலைத் தளர்த்துவது முறையன்று. இரண்டிற்கும் இடையே சிறு லினக்ஸ் கணினி ஒன்றை நிறுத்தி, பழையதோடு பழைய நெறிமுறையிலும் புதியதோடு புதிய நெறிமுறையிலும் பேசச் செய்வது தக்க வழி.

நெகிழ்வட்டில் தங்கிய தமிழ்

மேற்கூறியவை தமிழ் ஆய்வாளருக்கு ஏன் வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பு. ஒருங்குறி பரவும் முன் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகள், சிற்றிதழ்ப் பக்கங்கள், அகராதி அட்டைகள், பதிப்பகக் கோப்புகள் பல நெகிழ்வட்டுகளிலும் பழைய வன்தட்டுகளிலும் இருந்தவை. அவற்றை மீட்பதில் மூன்று வாயில்கள் உண்டு. மூன்றும் திறந்தால்தான் பிரதி கைக்கு வரும்.

முதல் வாயில் வட்டு. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கிடந்த வட்டின் மேற்பரப்பில் பூஞ்சை படரும். அதனை அப்படியே இயக்கியில் செருகினால் படிக்கும் தலை வட்டைக் கீறிவிடும். அடுத்த வட்டையும் கெடுக்கும். 3.5 அங்குல நெகிழ்வட்டு விற்பனையைச் சோனி நிறுவனம் 2011இல் நிறுத்தியது. இயக்கிகளும் பழையனவாகவே கிடைக்கின்றன. கிரீஸ்வீசில் போன்ற சிறு பலகைகள் வட்டின் கோப்புகளைத் தேடாமல், காந்தப் புலம் திசைமாறும் கணங்களையே பதிவு செய்கின்றன. ஒருமுறை கிடைத்த அப்பதிவை வட்டைத் தொடாமலே பலமுறை ஆராயலாம். சிதைந்த ஏட்டைப் படிப்பதற்கு முன் ஒளிப்படம் எடுத்துவைப்பதை ஒத்தது இது.

இரண்டாம் வாயில் எழுத்துரு. கோப்பு பழுதின்றிக் கிடைத்தாலும் அதிலிருப்பது எண்களே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பதை எழுத்துருவே அறியும். இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் தமிழ் என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளாலும் ஓர் அரைப்புள்ளியாலும் ஆனது. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற குவியலாகவே தோன்றும். டிஸ்கி என்னும் குறியேற்றம் பலநாட்டுத் தமிழர் கூடி விவாதித்து, அட்டவணையோடு வெளியிட்டது. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டேம், டேப் குறியேற்றங்களுக்கும் அட்டவணை உண்டு. டிஸ்கியில் கெ என்னும் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகப் பதியும். ஒருங்குறியில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக, ஒலிக்கும் வரிசையில் பதியும். எனவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். அட்டவணை வெளிப்படையாயிருந்தமையால் லினக்ஸ் கணினிகளின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியிலேயே டிஸ்கி மாற்றி இடம்பெற்றுள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக் கால மின்னூல்கள் ஒருங்குறிக்கு மாறிவந்ததும் இதே வெளிப்படைத் தன்மையால்தான்.

தம் அச்சகத்திற்கென எவரோ உருவாக்கிய, அட்டவணை வெளியிடாத எழுத்துருக்களின் நிலை கமடோர் சில்லின் நிலையே. எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதன் வடிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டவணையை மீட்கலாம். அதுவும் கிடைக்காவிடில், அதே கோப்பிலிருந்து அச்சான நூற்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டு ஊகிக்க வேண்டும்.

மூன்றாம் வாயில் மென்பொருள். தமிழ்நாட்டுப் பதிப்பகங்களில் பக்க வடிவமைப்புக்குப் பெரிதும் பயன்பட்ட பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பாகிய 7.0, 2001இல் வந்தது. அதன் கோப்புகளைப் பின்வந்த இன்டிசைன், சி.எஸ்.6 பதிப்பு வரையே நேரடியாகத் திறந்தது. சில தமிழ் மென்பொருள்கள் கணினியின் பேரலல் துளையில் செருகிய பூட்டுச் சாதனம் இருந்தால்தான் இயங்கும். அத்துளையே இல்லாத இன்றைய மடிக்கணினியில் மூல மென்பொருள் குறுவட்டு கையிலிருந்தும் பயனில்லை. ஆகவே துளையும் பூட்டும் பழைய விண்டோஸும் உள்ள ஒரு கணினியை உயிரோடு வைத்திருப்பவரிடம்தான் அக்கோப்பு திறக்கும். அவர் பெரும்பாலும் நூலகர் அல்லர். வார இறுதியில் பற்றவைப்புக் கோலோடு அமர்பவர்.

மறைந்த ஆசிரியரின் கணினியை வீட்டார் எடைக்குப் போடும்போது, ஆவணக் கோப்புகள் உள்ள உறையை மட்டும் படியெடுத்துக் கொள்வது வழக்கமாகிவிட்டது. விண்டோஸ் உறையினுள் அமைந்த எழுத்துரு உறையையும் அதனோடு சேர்த்து எடுத்தல் வேண்டும். பெரும்பாலும் அது சில மெகாபைட்டுகளே இருக்கும். விசைப்பலகையின்மேல் ஒட்டிய எழுத்துத் தாள், மென்பொருளின் நிறுவல் வட்டு, பின்புறத் துளையில் செருகியிருக்கும் விரலளவுப் பூட்டு ஆகியவற்றையும் கழற்றி ஒரே உறையில் இட்டு, எந்த எழுத்துருவில் எந்த நூல் தட்டச்சாயிற்று என்பதை அவ்வுறையின்மேல் மையால் எழுதி வைக்கலாம்.